தண்ணீருக்கு அழியாத பூச்சு

"டாக்டர்கிட்ட போட்டுக் கொடுத்தது நீதானே?"

அழகுநிலையத்தின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முதலாளியம்மா இப்படிக் கேட்டபோது, உதவியாள் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாக அதே தொட்டியில் கழுவுகிறவள்.

முதலாளியம்மாவின் மகள் மல்யுத்தம் பழகுகிறவள். பதினாறு வயது. அன்று காலைத் தேர்வுப் போட்டியில் ஜெயித்திருந்தால் விளையாட்டு விடுதியில் இடம். படிப்பு, பயிற்சி, சாப்பாடு எல்லாம் அங்கேயே. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். விட்டால் விட்டதுதான்.

அந்த நேரம் பார்த்து அவள் முன்கையில் வட்டமாக ஒரு படர்தாமரை. பயிற்சிக்கூடத்து விரிப்பில் புரண்டதில் வந்தது. போட்டிக்கு முன்னால் டாக்டர் எல்லோருடைய தோலையும் பார்ப்பார். ஒட்டுகிற வியாதி இருந்தால் விளையாட விடமாட்டார்.

அம்மாவுக்கா வழி தெரியாது? எத்தனை கல்யாணப் பெண்களின் தழும்பை மறைத்த கை அது. மகளின் நிறத்துக்குப் பூச்சைக் குழைக்கச் சொன்னாள். வேர்வைக்கும் தண்ணீருக்கும் அழியாத ரகம். "வேண்டாங்க்கா, மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்" என்று முனகிய உதவியாளுக்கு, உன் வேலையைப் பார் என்று பதில் கிடைத்தது.

அம்மா பூசிக்கொண்டிருக்கும்போது மகளும் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"கையை ஆட்டாதடி. திட்டுத் திட்டாயிடும்."

வேலை முடிந்தபோது, அந்தக் கையில் படர்தாமரை இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அத்தனை சுத்தம்.

பரிசோதனை அறைக்குள் பெற்றவர்களை விடவில்லை. கால் மணி நேரத்தில் மகள் வெளியே வந்தாள். கையில் பூச்சு இல்லை, சிவப்பு வட்டம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. சீட்டில் 'அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது.

அம்மா போட்ட பூச்சை வெறுங்கண்ணால் எந்த டாக்டரும் கண்டுபிடிக்க முடியாது. எந்த இடத்தில் துடைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்தது மூன்றே பேருக்கு. அம்மாவுக்குக் கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது.

உதவியாள் தொட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். கண்ணாடியில், வாசலோரம் நின்றிருந்த மகளின் முகம் தெரிந்தது. மகள் உதடு பிரிந்தது. அதற்குள் உதவியாள் முந்திக்கொண்டாள்.

"ஆமாக்கா. நான்தான் சொன்னேன்."

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடி."

உதவியாள் சீப்புகளைத் துடைத்து, அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அம்மா வேறு ஆள் வைக்கவில்லை. வந்த வாடிக்கையாளர் எல்லோரிடமும் அந்தத் துரோகத்தைச் சொன்னாள். ஒரு மாதத்தில் சொல்வதற்கு ஆள் தீர்ந்துபோனது. மதியம் டப்பாவைத் திறந்தால் எதிரே யாருமில்லை, கண்ணாடிதான். தன் முகத்தையே பார்த்துக்கொண்டு தின்னப் பிடிக்காமல், நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். குழம்புக்கு உப்பு கூடினால்கூடச் சொல்ல ஒருத்தி இல்லை என்று இருந்தது.

வீட்டிலும் தாயும் மகளும் மட்டும்தான். மகள் கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவே. ஒருநாள் மட்டும் தானாக வாய் திறந்தாள். தனக்கு ஆனதைக் கேள்விப்பட்டு, கூடப் பழகுகிற நான்கு பெண்கள் பயிற்சியாளரிடம் போய்த் தங்கள் கையையும் கழுத்தையும் காட்டினார்களாம். விரிப்பை எல்லாம் மருந்து போட்டுக் கழுவினார்களாம்.

"அதனால உனக்கென்ன வந்தது?" என்றாள் அம்மா. மகள் பையை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள்.

மூன்றாவது மாதம், துவைப்பதற்காக மகளின் விளையாட்டுப் பையைக் கவிழ்த்தபோது ஒரு சின்னப் புட்டி உருண்டது. பூச்சை நீக்குகிற எண்ணெய். கூடவே காய்ந்த பஞ்சு. அதில் மகளுக்கென்றே குழைத்த அதே நிறம். புட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் உதவியாளின் கோணல் எழுத்து: 'தண்ணிக்குப் போகாது. ரெண்டு தடவை துடை.'

அம்மா புட்டியை மகள் முன்னால் வைத்தாள்.

"டாக்டர் துடைக்கலையா?"

"நான்தான் துடைச்சேன், பாத்ரூம்ல. அப்புறம் நானே கையைக் காட்டினேன். அன்னிக்கு என்னோட மோத இருந்த பொண்ணு வெளியில நின்னு என்கிட்ட ஊக்கு கேட்டா. அவ கழுத்தை என் கையால பிடிக்கணுமேன்னு இருந்தது."

"அப்ப அவ எதுக்கு நான்தான் சொன்னேன்னு..."

மகளும் அதைத்தான் மறுநாளே வீடு தேடிப் போய்க் கேட்டிருந்தாள். சித்தி என்று அவள் கூப்பிடுகிற உதவியாள் சொன்ன பதிலை அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"'உங்கம்மாவுக்கு வேலைக்கு வேற ஆள் கிடைக்கும். வேற மக கிடைக்க மாட்டா. கோவம் என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்'னாங்க."

அம்மா செல்போனை எடுத்தாள். ஒன்பது வருஷம் பழகிய எண். அழுத்த விரல் வரவில்லை. அவமானம் தாங்காமல் கடைசியில் மகள் மேலேயே பாய்ந்தாள்.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சுது. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாடி உனக்கு?"

மகள் தன் முன்கையைப் பார்த்தாள். வட்டம் ஆறி, இருந்த இடம் தெரியவில்லை.

"முதல்ல உன்கிட்டதாம்மா சொல்ல வந்தேன். நீதான் கையை ஆட்டாதேன்னுட்டே."