மஞ்சள் படிகம்

அடையாறு ஆய்வுக்கூடத்தில் அன்புக்கரசி நாற்பத்தோராவது முறையாகக் கரிம டின் சேர்மத்தையும் போரான் டிரைகுளோரைடையும் கலந்துவிட்டுக் காத்திருந்தாள். வழிகாட்டியின் பழைய ஆய்வுக் கட்டுரையில் சொல்லியிருந்த மஞ்சள் படிகம் இன்றும் வரவில்லை. குடுவையில் வழக்கமான கறுப்புப் பிசின்தான்.

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து மூன்று வருடம் போய்விட்டது. மந்தைவெளி பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதுகூட இல்லை. உடம்பெல்லாம் அப்படி ஒரு மருந்து நாற்றம்.

சலித்துப்போய் வழிகாட்டி கருணாகரனின் அறைக்குப் போனாள்.

"மறுபடியும் ஃபெயிலா? உனக்குக் கைப்பக்குவம் பத்தலம்மா."

"கோவிச்சுக்காதீங்க சார். அந்தக் கட்டுரையே தப்பா இருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஒரே ஒரு தடவை நெஜமாவே வந்துதும்மா. அந்த அவசரத்துல எழுதி அனுப்பிட்டேன். அப்புறம் இருவது வருஷமா எனக்கே வரல. அதனாலதான் இந்த வேலைய உன்கிட்ட குடுத்தேன்."