வேகத்தடையில் ஒரு டொக்

“நல்லா அமுக்கு. இன்னும்! ம்... இப்ப கையை எடு. எத்தனை தரம் மூச்சு விட்டுச்சு?”

“ஒரே தரம்தாங்க,” என்றாள் மனைவி.

“அப்ப உயிர் இருக்கு.” அவர் நிம்மதியாக நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “எதுக்கும் இன்னொரு தரம் பார்த்துடலாம். நீ தள்ளிக்கோ.”

இந்தத் தடவை அவரே இரண்டு கையையும் ஊன்றி, எம்பி அமுக்கினார். உயிர் இருந்த அந்தக் கார், யாரோ ஒரு புண்ணியவான் ஹேண்ட் பிரேக் போட மறந்திருந்ததால், வாசல் சரிவில் மெல்ல இறங்கி, இரண்டு பூந்தொட்டிகளைச் சாய்த்துவிட்டு கேட்டில் போய் முட்டி நின்றது.

வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் தலையைத் தூக்கினார். “மாப்பிள, உயிர் மட்டுமில்ல, காலும் இருக்கு போல.”

புண்ணியவான் போய்த் தொட்டிகளை நிமிர்த்தினார்.

ஒரு மாதமாகவே, தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் காரின் முன்பக்கம் இடது சக்கரத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். நாலு வீடு தள்ளியிருந்த அவர் வீட்டு அடுப்படிக்கே அது கேட்கும். மெக்கானிக்கிடம் விடச் சொன்னாள் மனைவி. ஆபீஸில் ஸ்டேப்ளருக்குப் பின் போடவே ஆள் கூப்பிடுகிறவர்தான். ஆனால் வீட்டில் ஒரு பெட்டி நிறைய ஸ்பானர் வைத்திருந்தார். அந்தப் பெட்டியைத் தொட்டுச் சபதமே செய்துவிட்டார்.

“இந்த மாசத்துக்குள்ள சத்தத்தை நானே நிறுத்தலன்னா, பெட்டியைப் பரண்ல ஏத்திடுறேன். அப்புறம் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டேன்.”

மகள் உடனே போய்ப் பரணில் இடம் ஒதுக்கினாள். அப்பா ரிப்பேர் செய்த சுவர்க்கடிகாரம் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்து வளர்ந்த பெண்.

அமுக்கியதும் ஒரே தரம் எழும்பி அடங்கிய ஷாக் அப்சார்பரில் உயிர் இருப்பது உறுதியாகிவிட்டதால், அவர் ஹேண்ட் பிரேக்கை இரண்டு தரம் இழுத்துவிட்டு, ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்ததில், கைத்தடி மாதிரி நின்றுகொண்டிருந்த லிங்க் ராடு மட்டும் விழப்போகிற பல்லைப் போல ஆடியது.

“பதினேழாம் நம்பர் ஸ்பானர் கொடு! பதினேழு!” என்று காருக்கு அடியிலிருந்து கூச்சல் போட்டார். மகள் பன்னிரண்டு கொடுத்தாள், பதினாலு கொடுத்தாள், பத்தொன்பதும் கொடுத்தாள். பதினேழு அவர் முதுகுக்கு அடியில் இருந்தது.

ஒரு வழியாக, கடையில் வாங்கி வந்த புது ராடு ஏறியது. மூக்கு நுனியில் கிரீஸோடு வெளியே ஊர்ந்து வந்தவர், பழையதைக் குப்பைத்தொட்டியில் வீசிவிட்டு, ஜாக்கியை டிக்கியில் வைத்து மூடினார்.

மறுநாள் மாலை வேகத்தடையில் ஏறி இறங்கினார். சத்தமே இல்லை. நம்ப முடியாமல் திரும்பிப் போய் இன்னொரு தரம் ஏறி இறங்கினார். வாழ்க்கையில் அவர் கை பட்டுச் சரியான முதல் பொருள்! பூனை மாதிரி வந்து காரை நிறுத்திவிட்டு, வீட்டுக் கதவைத் திறந்தார்.

மகள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தாள். கையில் கரண்டி, மூக்கு நுனியில் கண்மை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமனாருக்குப் புரையேறியிருந்தது.

“தோடு விழுந்துடுச்சுப்பா,” என்றாள் மகள்.

அது அவர் காதில் ஏறவே இல்லை. “நான் வந்தது யாருக்காவது கேட்டுச்சா? கேக்கல இல்ல? இதுக்குப் பேர்தான் வேலை!”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாராட்ட வார்த்தை கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று அவர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை, ‘டொக்’.

புதனும் ‘டொக்’. வியாழனும் ‘டொக்’. சத்தம் இப்போது பின்னாலிருந்து வந்தது. வியாதி இடம் மாறிவிட்டது, பின்சக்கரத்து ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார். ஞாயிற்றுக்கிழமையோடு மாதமும் முடிந்தது.

“விட்டுடுங்களேன். அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிப்போச்சு,” என்றாள் மனைவி, வழக்கத்துக்கு மாறான கனிவோடு. “பெட்டியும் கீழயே இருக்கட்டும்.”

“சொன்னா சொன்னதுதாம்மா.” அவர் பெட்டியை ஒரு தரம் தடவிக்கொடுத்தார். “கடைசியா ஒரு தரம் பார்த்துட்டு, நானே ஏத்திடுறேன்.”

ஜாக்கியை எடுக்க டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கினார். ஸ்டெப்னி கிடக்கும் குழிக்குள், ஜாக்கிக்குப் பக்கத்தில், பழைய லிங்க் ராடு சுகமாகப் படுத்திருந்தது.

அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். “குப்பையில போட்டது டிக்கிக்கு எப்படி வந்துச்சு?”

மகள் குனிந்து தோடு தேட ஆரம்பித்தாள்.

“காலும் இருக்குன்னு அன்னைக்கே சொன்னேனே, மாப்பிள,” என்றார் மாமனார், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

“யாராவது ஒருத்தர் நேரா பதில் சொல்லுங்க! நான் பண்ணின ரிப்பேர் சரியா, தப்பா?”

மனைவி கிட்டே வந்து, ராடிலிருந்து அவர் மூக்குக்கு ஏறியிருந்த கிரீஸைத் துண்டால் துடைத்துவிட்டாள்.

“ரொம்பச் சரியாத்தாங்க பண்ணியிருந்தீங்க. ஆனா இப்படிச் சத்தமே இல்லாம வந்து நின்னா, உங்களை மாதிரி நடிச்சுக் காட்டுறதை இவ எப்பங்க நிறுத்துறது?”