மேகத்தைப் பிளந்த கேப்டன்

"தட்டைப் பிடிக்கிற பொண்ணு எங்கே? ஜல்தி வாம்மா!" தலைமையாசிரியை ஜெயமணி மேடையிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார்.

போர்ட் பிளேரின் ஷாதிபூர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய உதயா, கேடயம் வைத்த தட்டை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"இவளும் நம்ம ஸ்கூல் பழைய ஸ்டூடண்ட்தான் சார். மெயின்லேண்ட் ஏர்போர்ட்ல வேலை. கம்ப்யூட்டர்ல ஏதோ டைப் பண்ணுவா," என்றார் ஜெயமணி, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

விழா நாயகரான விமானி கேப்டன் சுதாகர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். டிக்கெட் கவுண்டராக இருக்கும். ஒரே பள்ளியிலிருந்து ஒருத்தன் விமானம் ஓட்டப் போனான், ஒருத்தி டைப் அடிக்கப் போயிருக்கிறாள். அவரவர் தலையெழுத்து என்று நினைத்தபடி மைக்கைப் பிடித்தார்.

போன மாதம் நடுக்கடலுக்கு மேலே மலை மலையாகக் கருமேகமாம். மற்ற விமானங்கள் எல்லாம் பயந்து சுற்றிப் போயினவாம். இவர் மட்டும் நேராக உள்ளே புகுந்து, நூற்றெண்பது பேரைப் பூப்போலப் போர்ட் பிளேரில் இறக்கினாராம். இன்றைய கேடயம் அந்த வீரத்துக்குத்தான். அன்று விமானத்தில் கூட இருந்த கோ-பைலட் டெல்லிக்காரர். அவருக்குத் தமிழும் தெரியாது, இந்தப் பள்ளியும் தெரியாது.

"நடுக்கடல்ல கன்ட்ரோல் ரூமோட எப்படிப் பேசுவீங்க சார்?" ஒரு மாணவி எழுந்து கேட்டாள்.

"பேச்சே கிடையாதும்மா. டேட்டா லிங்க்! நாங்க திரையில டைப் பண்ணி அனுப்புவோம். கீழே எவனாவது ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு, ஓகே ஓகேன்னு பதில் அனுப்புவான். ரேடியோன்னா வானத்துல இருக்கிற அத்தனை பேரும் கேப்பாங்க. இது ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

"அன்னிக்குப் பயமா இல்லையா சார்?"

"பயமா? எனக்கா? பாதையை விட்டு ஒரு இஞ்ச் நகரலையே!"

அரங்கமே அதிரக் கைதட்டினார்கள். ஜெயமணி மைக்கை வாங்கி உரத்த குரலில் வாழ்த்துமடல் வாசிக்க, கேப்டன் நெஞ்சை நிமிர்த்திக் கேடயத்தை எடுத்தார்.

தட்டோடு நின்ற உதயா, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அன்னிக்கு நாப்பது மைல் வலப்பக்கம் ஒதுங்கிக்கட்டுமான்னு மூணு தடவை கேட்டிருந்தீங்க சார். ஓகே அனுப்பினது நான்தான்."

கேப்டன் அவசரமாக மைக் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க. ரெண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்."