மழை கேட்க வராதவன்

“வரமாட்டானாம்!”

பூசைக்கு வீடு வீடாக ஆள் கூப்பிடப் போன தனலெட்சுமி மூச்சிரைக்கத் திரும்பி வந்து சொன்னதும், கோயில் செயலாளர் வசந்தனுக்குச் சுர்ரென்று தலைக்கேறிவிட்டது.

பெக்கோக்கைத் தாண்டி ஆற்றோரமாக இருக்கும் அந்தக் கம்பத்துச் சிற்றூரில் பழமரம்தான் எல்லாருக்கும் பிழைப்பு. ரெண்டு மாசமாகச் சொட்டு மழை இல்லை. ஆற்றில் பம்பு போட்டால் தண்ணீருக்குப் பதில் மணல் வருகிறது. வசந்தனின் கொய்யா பிஞ்சிலேயே கருகி விழுகிறது. மழை வேண்டி மாரியம்மனுக்குப் பூசை என்றால், செல்லப்பன் மட்டும் வரமாட்டானாம்!

ஏன் வருவான்? அவன் தோட்டத்தில் இருப்பது டுரியான். காய்ந்தால்தான் அது பூக்கும். இப்போது கிளைக்குக் கிளை பூ. ஒரு பெருமழை அடித்தால் அத்தனையும் தரையில்.

“ஊரே கருகுது, இவனுக்குப் பூ கேக்குதா?”

மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு செல்லப்பன் வீட்டுக்குப் போனான் வசந்தன்.

“ஏன்யா, உனக்கு மனசாட்சியே இல்லையா?”

“அண்ணே, ரெண்டு வருசமா பூ நிக்கல. இந்தத் தடவதான் நின்னுருக்கு. இத நம்பித்தான் மக லோஷினிய ஜொகூர் பாருல காலேஜ்ல சேக்கணும். நான் எப்படிண்ணே மழை கேப்பேன்? மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணுன்னு ஆத்தா முன்னால நிக்க முடியாதுலா.”

“அலமாக்! ஊரோட ஒத்து வாழணும்னு சும்மாவா சொன்னாங்க? மரியாதையா வந்து நில்லு. இல்லேன்னா உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தனும் வாசப்படி மிதிக்க மாட்டான்.”

செல்லப்பன் வந்தான். அர்ச்சனைத் தட்டைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, கடைசி வரிசைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

“பாருங்க, மழை வரக்கூடாதுன்னு வேண்டிக்கிறான்” என்று தனலெட்சுமி காதைக் கடித்தாள்.

வசந்தன் பல்லைக் கடித்தான். இவன் நிற்கிற இடத்தில் வருகிற மழையும் வராது.

தீபாராதனை முடிந்து கூட்டம் கலைந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணாந்து பார்த்த வசந்தன், மெல்லப் பூசாரி மூர்த்தியிடம் ஒதுங்கினான்.

“சாமி, ஒரு சின்ன விசயம். காலையிலதான் கொய்யாவுக்கு மருந்து அடிச்சேன். இன்னைக்கே பெஞ்சா எல்லாம் கழுவிட்டுப் போயிடும். ரெண்டு நாள் கழிச்சு வந்தா தேவல. ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

மூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நீங்களுமா? தனலெட்சுமி மகளுக்கு ஞாயித்துக்கெழம நிச்சயமாம், பந்தல் நனைஞ்சிடுமாம். காளியம்மா வாசல்ல சிமெண்டு போட்டிருக்காங்களாம், காயணுமாம். எல்லாருக்கும் மழை வேணும், ஆனா இன்னைக்கு வேணாம்!”

“அப்ப, இன்னைக்கே பெய்யட்டும்னு ஒருத்தர்கூடவா கேக்கல?”

“ஒருத்தர் கேட்டாரு. ‘ஊருப் பிஞ்செல்லாம் கருகுது, என் பூவப் பாக்காத தாயே, இப்பவே பெய்’னு அர்ச்சனை பண்ணச் சொன்னாரு” என்ற மூர்த்தி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த செல்லப்பனை மோவாயால் காட்டினார்.