மிதிபட்ட பச்சைக்கல்

கிணற்றுக்குள் கொக்கிகளோடு பாதாளக்கரண்டி இறங்குவதைப் பார்க்கத் தெம்பில்லாமல், சந்திரகலா செங்கல் சூளைப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

கிணற்று மேட்டில் மகள் இளமதியின் செருப்பு கிடந்தது. கோயில் வாசலில் கழற்றி விட்டதுபோல ஜோடியாக, ஒழுங்காகக் கிடந்தது.

விடிந்ததும் பெண்ணைக் காணோம் என்று தேடப்போன சடையப்பன்தான் அதை முதலில் பார்த்தான். சந்திரகலாவின் கொழுந்தன். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் வேலை செய்கிற விமலின் பெயரை இன்னொரு தடவை எடுத்தால் இரண்டு பேரையும் வெட்டிவிடுவேன் என்று நேற்று சாயங்காலம் அண்ணன் மகளிடம் குதித்தவனும் அவன்தான்.

இப்போது கயிற்றைப் பிடித்தபடி அவன் அழுதுகொண்டிருந்தான். பிள்ளை செத்தால் அழுவான், ஓடினால் வெட்டுவான். அப்படி ஒரு பாசம்.

வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்த்து, வெற்றிலை பாக்கும் மாற்றிவிட்டு வந்த அவள் புருஷன் துளசிராமன், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கிணற்றடியில் குந்தியிருந்தார்.

சந்திரகலா கிணற்றுப் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தாள். எதிரே, நேற்று அறுத்துப் போட்ட, இன்னும் சுடாத பச்சைக்கல் வரிசை வரிசையாக ஈரம் காயாமல் கிடந்தது.

வரிசையின் கடைசிக் கல்லை யாரோ மிதித்திருந்தார்கள்.

எந்தக் கடங்காரன் மிதித்தான் என்றுதான் முதலில் மனம் சீறியது. எழவு வீட்டிலும் சூளைக்காரிக்குக் கல்தான் கண்ணில் படும்.

பிறகுதான் அந்தக் காலடித் தடத்தின் சுண்டுவிரலைப் பார்த்தாள்.

அது பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இளமதி பிறந்த அன்றைக்கே மருத்துவச்சி எடுத்துக் காட்டிச் சிரித்த விரல்.

போன வாரம் இதே இடத்தில்தான் இளமதி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் படிப்பு படிக்கிறவள். பள்ளிக்கூடத்தில் நடத்தவேண்டிய பாடத்தை அம்மாவிடம் ஒருமுறை ஒப்பித்துப் பார்த்தாள். பல கோடி வருஷத்துக்கு முந்தைய உயிர்கள் எப்படிக் கல்லாகின்றன என்று பாடம். சந்திரகலா கல்லைப் புரட்டிக்கொண்டே அரைக்காதாகக் கேட்டாள்.

மரமாக இருந்தால் மண்ணுக்குள் ஊறும் தண்ணீரில் உள்ள கல்சத்து அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மரத்தையே கல்லாக்கிவிடுமாம். சிப்பியாக இருந்தால் அது கரைந்துபோன பள்ளத்தில் வேறு மண் இறங்கி, நம் அச்சில் கல் விழுகிற மாதிரி அதே வடிவத்தில் விழுமாம். பூச்சியாக இருந்தால் மரத்துப் பிசினில் மாட்டிக்கொண்டு அப்படியே கிடக்குமாம்.

"எலும்பு கல்லாவணும்னா செத்து, அரிச்சுப் போறதுக்குள்ள சேத்துல பொதையணும்மா," என்றவள், நாய் மிதித்த தடத்தோடே வெந்துபோன செங்கல் ஒன்றைக் கையில் எடுத்தாள். "காலடி மட்டும் அப்பிடி இல்ல. உயிரோட நடந்துபோனா தான் அது உண்டு. பொணம் தடம் போடாது."

பொணம் தடம் போடாது.

சந்திரகலா தவழ்ந்துபோய் அந்தக் கல்லருகே குனிந்தாள்.

வெறுங்கால். அப்படியென்றால் செருப்பைக் கிணற்று மேட்டில் விட்டபிறகுதான் இங்கே வந்திருக்கிறாள். குதிகால் கிணற்றைப் பார்த்திருந்தது, விரல்கள் ரோட்டைப் பார்த்திருந்தன.

கிணற்றிலிருந்து ரோட்டுக்கு, உயிரோடு நடந்துபோயிருக்கிறாள். சந்திரகலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

நடக்கப் பழகும்போதே ஈரக்கல்லைச் சுற்றிப்போகப் பழகியவள் இளமதி. தூக்கத்தில்கூடப் பச்சைக்கல்லை மிதிக்கமாட்டாள். அப்படிப்பட்டவள் வரிசையில் ஒரே ஒரு கல்லை, அதுவும் கடைசிக் கல்லை, அழுத்தி மிதித்துவிட்டுப் போயிருக்கிறாள். காலையில் கல்லைப் புரட்ட அம்மாதான் வருவாள் என்று தெரிந்து மிதித்திருக்கிறாள்.

கள்ளி. அன்றைக்குப் பாடம் நடத்தியது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கா என்ன?

செருப்பு கிணற்றடியில் தேடுகிறவர்களுக்கு. காலடி அம்மாவுக்கு.

புதுவாயல் பக்கம் போகிற முதல் பஸ் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனாலும் ஏதோ ஒரு கோயிலில் விமலோடு மாலை மாற்ற இன்னும் கொஞ்ச நேரமாவது வேண்டும். சடையப்பனிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது.

சந்திரகலா முந்தானையை இழுத்துச் செருகினாள். தினமும் செய்கிற மாதிரியே கல்லைப் புரட்டிக் குத்துவாட்டில் நிறுத்தினாள். கடைசிக் கல்லைத் தூக்கும்போது மட்டும் கை பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கியது. தடம் வெளியே தெரியாதபடி அதை அடுத்த கல்லோடு ஒட்டவைத்தாள். காயட்டும். காய்ந்ததும் சூளையில் தானே அடுக்கிக்கொள்வாள்.

பிறகு தலைமுடியைக் கலைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

சடையப்பன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "ஒண்ணும் சிக்கல அண்ணி. எனுக்கு இன்னாவோ சந்தேகமாக்கீது. வண்டிய எடுத்துகினு ரோட்டாண்ட ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துட்றேன்."

சந்திரகலா மாரில் அடித்துக்கொண்டு கிணற்று மேட்டில் விழுந்தாள்.

"அடியில சேறு நெறைய கீதுப்பா," என்று கதறினாள். "இன்னும் ஆழமா உட்டுப் பாரு."