சாட்சியின் இடப்பக்கம்

கேள்வி கேட்டாயிற்று. சாட்சி திரும்பவில்லை.

கூண்டில் நின்றபடி அவர் நீதிபதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார், அடுத்த கேள்விக்குக் காத்திருப்பவர்போல.

அவள் அவருக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கையில் வழக்குக் கட்டு. கண் அதில் இல்லை.

அரங்கத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

சட்டக் கல்லூரியின் மாதிரி நீதிமன்றப் போட்டி, இறுதிச் சுற்று. நீதிபதியாக உட்கார்ந்திருந்தவர் நிஜத்தில் பெரிய வக்கீல். ஜெயிப்பவருக்கு ஒரு கோப்பை. அதைவிட முக்கியம், படிப்பு முடிந்ததும் அவர் அலுவலகத்தில் ஜூனியராக ஓர் இடம். வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கிடைக்காவிட்டாலும் ஒன்றும் குறையாது. அவளுக்கு இதை விட்டால் நாதியில்லை.

சாட்சியாக நடிக்க வேண்டிய மாணவன் காய்ச்சல் என்று வரவில்லை. பேராசிரியர் வாசலுக்குப் போய்க் கல்லூரி பஸ் டிரைவரைக் கூட்டிவந்து, கதையைச் சொல்லிக்கொடுத்து, கூண்டில் ஏற்றிவிட்டார். கற்பனை வழக்கு. ஒரு கார் சைக்கிள்காரரை இடித்துவிட்டது. இடிக்கும் முன் கார் ஹாரன் அடிக்கவில்லை என்பது இவர் சொல்ல வேண்டிய சாட்சி. அடித்தது என்பது அவள் தரப்பு.

டிரைவரை மாணவர்கள் துரை என்பார்கள். பெயர் அல்ல, பட்டம். பின்னாலிருந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில்தான் முகம் பார்ப்பார். துரைக்கு அவ்வளவு திமிர் என்று பஸ்ஸே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். மூன்று வருடத்தில் அந்த பஸ்ஸில் அவரோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கூண்டில் ஏறியதும் மிரண்டுபோவார் என்று நினைத்திருந்தாள். அவரோ காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவர்போல நின்றார்.

"அந்த நேரத்துல நீங்க எதைப் பாத்துட்டு இருந்தீங்க?"

"ரோட்டைத்தான் மேடம். டிரைவர் வேற எதைப் பாப்பான்?"

அரங்கம் கைதட்டியது. நீதிபதியே சிரித்துவிட்டார். அடுத்த கேள்விக்கும் அப்படித்தான். அதற்கடுத்ததற்கும். ஒவ்வொரு முறை மேடம் என்று சொல்லும்போதும் அவர் முகத்தில் ஒரு குறும்பு, கூடவே ஒரு பெருமை.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

நேரம் காட்டும் பெண் கடைசி நிமிட அட்டையைத் தூக்கினாள்.

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு கூண்டின் இடப்பக்கம் போனாள். கால் தானாகப் போனது என்று பிறகு தனக்கே சொல்லிக்கொள்ளலாம். முதுகைத் திருப்பி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் குரலில் கேட்டாள்.

"ஹாரன் அடிக்கலையா, இல்ல உங்களுக்குக் கேக்கலையா?"

பிறகு அந்த மௌனம்.

அதற்குள் அவள் திரும்பியிருக்கலாம். கொஞ்சம் சத்தமாக இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஓர் இருமல் போதும்.

அவள் வழக்குக் கட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

"சாட்சி பதில் சொல்லலாம்," என்றார் நீதிபதி.

எதிரிலிருந்து வந்த குரலில் அவர் திடுக்கிட்டு அவளைத் தேடினார். முதலில் வலப்பக்கம். பிறகுதான் இடப்பக்கம். அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்ததும் புரிந்துகொண்டார். சிரிப்பு உடனே போகவில்லை. உதட்டில் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டிருந்தது.

"மறுபடி கேளுங்க மேடம்."

பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். "அட, துரைக்குத் திமிர் இல்லப்பா. காது அவுட்டு!"

கூரை அதிரச் சிரித்தார்கள். எதிர்த்தரப்பு மாணவன் எழுந்து, இது வழக்குக் கட்டிலேயே இல்லாத விஷயம் என்றான். நீதிபதி அவனைக் கையமர்த்திவிட்டு, அந்த இடத்தில் போய் நிற்க எப்படித் தோன்றியது என்று அவளைக் கேட்டார்.

"பஸ்ல கவனிச்சிருக்கேன், மை லார்ட்."

முன்வரிசையில் கல்லூரி முதல்வர், அலுவலக மேலாளர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். மேலாளர் தலையாட்டினார். அந்த இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

கோப்பையைக் கொடுத்தபோது எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். இறங்கச் சொல்லி யாரும் சொல்லாததால் கூண்டிலேயே நின்றிருந்த டிரைவரும் தட்டினார்.

சாயங்காலம் பஸ் கிளம்பும் முன் மேலாளர் படியேறி வந்தார். காலையில் வண்டியை எடுக்க வேண்டாம், சாவியோடு நேரே ஆபீசுக்கு வரச் சொன்னார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதுபோல டிரைவர் இருக்கையில் முழுக்கத் திரும்பி, வலது காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டார்.

வழி நெடுக அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைசி நிறுத்தம். எப்போதும்போல அவள் மட்டும் மிச்சம். எழுந்தாள். கண்ணாடியில் அவர் கண் இல்லை.

இறங்கி, பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, வலப்பக்கச் சன்னலுக்குக் கீழே போய் நின்றாள். இங்கிருந்து முணுமுணுத்தால்கூட அவருக்குக் கேட்கும்.

தோளில் பையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கோப்பையின் கைப்பிடி பைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அவர் அதைத்தான் பார்த்தார்.

"அம்மாகிட்ட கப்பு விஷயம் மட்டும் சொல்லு, என்ன?" என்றான் அண்ணன், டிரைவர் சன்னலிலிருந்து குனிந்து.

பிறகு தெருவை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தான்.

"நீ முன்னாடி நட. உன் காலேஜ் பசங்க யாராவது பாத்துறப் போறாங்க."