மைனா சொன்ன பொய்

பேருந்து நிழற்குடை ஒன்றில் ஒரு நாய் குடியிருந்தது. ஒரு மழைநாளில் ஓர் ஆடு அங்கே ஓடிவந்து ஒதுங்கியது. நாயும் ஆடும் ஒரே நேரத்தில் கத்தின. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியவில்லை. இரண்டு பாஷையும் தெரிந்த மைனா கூரையடியில் உட்கார்ந்திருந்தது.

"என்ன சொல்றான் அவன்?" என்று நாய் உறுமியது.

"இடம் கொடுத்ததுக்கு நன்றின்னு சொல்றார்."

"அது என்ன குரைக்குது?" என்றது ஆடு.

"நனையாம உள்ளே வாங்கன்னு கூப்பிடறார்."

இரண்டுக்கும் வெட்கமாகப் போய்விட்டது. தாங்கள் கத்தியது என்னவென்று அவற்றுக்குத் தெரியுமே! அன்று முதல் ஒன்றாகவே படுத்தன.

பக்கத்து மரத்தில் ஒரு கிளி இருந்தது. மொழிபெயர்ப்பு ஆராய்ச்சி அதன் தொழில். பல மழைக்காலம் கழித்து, தன் முடிவை இரண்டு பாஷையிலும் அறிவித்தது.

"முதல் நாள் மைனா சொன்னது முழுப்பொய். ஒருத்தர் 'நாத்தம் பிடிச்சவனே, வெளியே போ'ன்னார். இன்னொருத்தர் 'சொறிநாயே, தள்ளு'ன்னார்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மைனா தலைகுனிந்து கிளம்பப் பார்த்தது.

"இரு மைனா," என்றது நாய். "ஆட்டண்ணன்கிட்ட சொல்லு. கொஞ்சம் நகர்ந்து படுத்தா நம்ம நடுவுல நீயும் நனையாம உட்காரலாம்."

சரிபார்க்கக் கிளி காதைத் தீட்டிக்கொண்டது. மைனா ஆட்டின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது.

அதற்குள் ஆடு நகர்ந்து இடம் விட்டிருந்தது.